அவன் வாய்தான் வேண்டும் என்றவளுக்கு

மச்சாள்,

நேற்றுக் காலை மின்சாரம் நின்றுபோனது. எதிர்க் கடைக்காரன் புதிதாக வாங்கிய ஜெனரேட்டரை வாசலில் வைத்துக் கயிற்றை இழுத்தான். இரண்டு முறை செருமிவிட்டு அது ஓடத் தொடங்கியது. புகை வீதியைக் கடந்து என் சமையலறைக்குள் வந்தது. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. நீ கண்ணை மூடி எட்டு வருடமாகிறது. இந்த எட்டு வருடத்தில் உன்னை நினைத்து அழுதிருக்கிறேன், தனியே சிரித்துமிருக்கிறேன். நேற்று வந்தது அவை இரண்டுமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் தீர்மானித்தேன். முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்து ஊராரின் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தியவள் நான். உனக்கென்று ஒரு கடிதம் எழுதியதில்லை. பத்து வீடு தள்ளி இருப்பவளுக்கு எதை எழுதுவது? இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அவனைப் பற்றிப் பேசுவோம், நாம் எப்போதும் பேசியதுபோல.

அவனை 'அவர்' என்று எழுத இந்த வயதிலும் எனக்குக் கை வரவில்லை. பெயரையும் எழுதமாட்டேன். ஊர் அவனைப் பெரிய டொக்டர் என்றது. பட்டணத்தில் இருந்துகொண்டு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த சின்ன ஆசுபத்திரிகளுக்குப் பொறுப்பாக இருந்தான். மாதம் ஒருமுறை வெள்ளைக் காற்சட்டையோடு வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போவான். அந்த இளநீரை வெட்டிக் கொடுத்தவர் உன் புருசன் நல்லதம்பி அண்ணன், ஆசுபத்திரிக் காவலாளி. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

எங்கள் ஆசுபத்திரியில் என்ன இருந்தது? ஆறு கட்டில், ஒரு பிரசவ அறை, ஒரு மருத்துவிச்சி, பின்பக்கக் கொட்டிலில் ஒரு லைட் மிசின். யுத்தத்தில் கம்பிகள் அறுந்துபோய்ப் படுவான்கரை முழுதும் இருட்டாய்க் கிடந்த காலம் அது. அந்த மிசின் ஓடினால்தான் பிரசவ அறைக்கு வெளிச்சம், பிரசவ ஆயுதங்களை அவிக்கச் சூடு, தடுப்பூசிப் பெட்டிக்குக் குளிர். உன் மூன்று பிள்ளைகளும் அந்த வெளிச்சத்தில் பிறந்தவர்கள். மிசினைச் சுழற்றும் கைபிடி ஒருமுறை முறிந்தபோது, காத்தான்குடியிலிருந்து மெக்கானிக் நூர்தீன் காக்கா வந்து, பழைய சைக்கிள் ஒன்றின் பெடலைத் தண்டோடு வெட்டி ஒட்டவைத்துத் தந்தார். அதன்பிறகு ஊர்ப் பிள்ளைகள் அதைச் சைக்கிள் மிசின் என்றுதான் சொன்னார்கள். வேறெந்த ஆசுபத்திரியிலும் அப்படியொரு மிசின் இருந்திருக்காது.

ஒருநாள் அவன் உழவு மெசினோடு, அதுதான் பெட்டி பூட்டிய டிரக்டரோடு, வந்தான். லைட் மிசினைத் திருத்த வேலைக்காகப் பட்டணம் கொண்டுபோவதாகச் சொன்னான். அண்ணனும் கைகொடுத்து அதைப் பெட்டியில் ஏற்றினார். ஒரு துண்டு எழுதித் தரும்படி அவர் கேட்டாராம். தன் சொல் போதாதா என்று அவன் சிரித்தானாம். அவ்வளவுதான். அடுத்த மாதம் பிரசவ அறைக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது: தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது. மருத்துவிச்சியைப் பட்டணத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் இனி உழவு மெசினில் துறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து பாதையில், அதுதான் வாவியைக் கடக்கும் அந்தத் தட்டைப் படகில், அக்கரை சேர வேண்டும். அக்கரையில் ஆமிக்காரர் விட்டால்தான் பட்டணம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பாதையும் ஓடாது.

மிசின் எங்கே என்று மேலிடம் கேட்டபோது அவன் என்ன எழுதினான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இயக்கம் எடுத்துப் போய்விட்டது, காவலாளியே எடுத்துக் கொடுத்தான் என்று எழுதியிருந்தான். அந்த நாளில் அப்படியொரு வரி எழுதினால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? படித்தவன். நன்றாகத் தெரியும். மருந்துப் பெட்டி எடுக்க அக்கரைக்குப் போன நல்லதம்பி அண்ணனைத் துறையிலேயே பிடித்தார்கள். நாற்பத்தொரு நாள் ஆமிக் காம்பில் வைத்திருந்தார்கள்.

அவர் திரும்பி வந்த அன்று நான் தபால் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். வீதியால் ஒருவர் நடந்து போவதைக் கண்டு வெளியே வந்தேன். நீ பின்னால் ஓடிவந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள் நீ. அவர் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாய். அவர் தன்பாட்டில் நடந்துகொண்டே இருந்தார். வலது காது முற்றாகப் போயிருந்தது. இடது காதில் வாய்வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும். உங்கள் டொக்டரே எழுதித் தந்திருக்கிறார் என்று சொல்லிச் சொல்லித்தான் அடித்தார்களாம்.

மிசின் பட்டணத்தில் ஏதோ களஞ்சியத்தில் கிடக்கிறது என்றே நாம் நினைத்திருந்தோம். மறுவருடம் நீ செங்கலடிச் சந்தைக்கு நெல் விற்கப் போன இடத்தில் நூர்தீன் காக்காவைக் கண்டாய். தமிழ் முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வருவதில்லை, நாமும் அவர்கள் பக்கம் போவதில்லை. முகத்தைப் பார்ப்பதா விடுவதா என்று நீ தடுமாற, அவராகவே வந்து, ஆசுபத்திரி மிசினை டொக்டருக்கு விற்றுவிட்டீர்களா என்று கேட்டார். பட்டணத்தில் டொக்டர் சொந்தமாக நடத்தும் பிள்ளைப்பேற்று மனையில் மிசின் பழுதென்று அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் அவர் ஒட்டிய பெடல்.

அன்று நீ வீட்டுக்குப் போகாமல் நேரே தபால் கந்தோருக்கு வந்தாய். சாக்கை வாசலில் போட்டுவிட்டு, தண்ணீர் கூடக் கேட்காமல், என் முன்னால் நின்றாய்.

"எழுது மச்சாள்," என்றாய்.

மிசினைத் திருப்பித் தரும்படி எழுதுவோமா என்று கேட்டேன்.

"மிசின் கிடக்கட்டும்கா. எனக்கு அவன்ட வாய் வேணும். பொய் சொன்னன் எண்டு இவருக்கு முன்னால அவன்ட வாயால சொல்லோணும்."

அப்படித்தான் எங்கள் மகசர் தொடங்கியது, நாலு கோரிக்கையோடு ஒரு மனு. பிரசவ அறையைத் திறக்க வேண்டும், மருத்துவிச்சியைத் திருப்பி அனுப்ப வேண்டும், மிசின் திரும்பி வர வேண்டும், டொக்டர் ஊருக்கு வந்து உண்மை சொல்ல வேண்டும். நான்காவதை எடுத்துவிடும்படி எல்லாரும் சொன்னார்கள். நீ மாட்டேன் என்றாய். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர்தான் ஆசுபத்திரிச் சங்கத்துக்கும் தலைவர். நல்ல மனிதர், பயந்த மனிதர். அவரும் கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

ஊரின் கையெழுத்து மட்டும் போதாது, படுவான்கரை முழுவதும் வேண்டும் என்றாய். ஆனால் பத்துப் பேர் கூடினால் இரண்டு பக்கமும் சந்தேகப்படும் காலம். இயக்கத்துப் பெடியன்கள் வந்து, தங்களைக் கேட்காமல் என்ன மகசர் என்று விசாரித்தார்கள். உங்கள் பெயரைச் சொல்லித்தான் களவெடுத்திருக்கிறான், அது உங்களுக்குச் சம்மதமா என்று நீ திருப்பிக் கேட்டாய். அவர்கள் வந்த வழியே போனார்கள். பிறகு உனக்கு ஒரு யோசனை வந்தது. மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குக் கூடும் சனத்தை யாரும் தடுக்கமாட்டார்கள். ஆடி அமாவாசையன்று அமிர்தகழியில், குளத்தடியில், பிதிர்க்கடன் கழித்துவிட்டு ஈரத்தோடு வந்த சனத்துக்கு நடுவே நீயும் நானும் பாய் விரித்து உட்கார்ந்தோம். கந்தோரின் மைப்பெட்டியை நான் கொண்டுவந்திருந்தேன். அரசாங்கச் சொத்து, எனக்கு அதில் கொஞ்சமும் உறுத்தல் இல்லை. உன்னிச்சைப் பக்கத்துப் பெண்கள் வரிசையாக வந்து பெருவிரலை நீட்டினார்கள். தன் மகள் துறையில் எவ்வளவு நேரம் கிடந்தாள் என்று ஒருத்தி சொல்வாள். அடுத்தவள் தன் மருமகளின் கதையைச் சொல்வாள். மூன்று கொப்பிகள் நிறைந்தன. திரும்பும் வழியில் ஆமிக்காரன் ஒருவன் கொப்பியை விரித்து, இது என்ன என்று கேட்டான். சிங்களம் தெரியாத நீ வயிற்றைத் தடவி, பிள்ளையைத் தாலாட்டுவதுபோலக் கைகளை ஆட்டிக் காட்டினாய். அவன் கொப்பியை மூடித் தந்துவிட்டான்.

பிரதிகளைக் கொழும்புக்கும் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். உங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்திற் கொள்ளப்படும் என்ற பதிலை எத்தனை முறை உனக்கு வாசித்துக் காட்டினேன்! ஒவ்வொரு முறையும் "மறுகா எழுது" என்பாய், அவ்வளவுதான்.

மகசர் அவன் காதுக்கும் போனது. அவன் வண்ணக்கரைக் கூப்பிட்டுப் பேசினான். ஒரு மாதத்துக்குள் புது மிசின் தருவானாம், மருத்துவிச்சியையும் அனுப்புவானாம். தன் பேரைச் சொல்லும் அந்த நான்காவது கோரிக்கையை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வண்ணக்கர் உன் வீட்டு வாசலில் நின்று, ஊருக்கு வேண்டியது பிரசவ வாட்டுத்தானே பிள்ளை, பழி வாங்குவதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. சங்கத்தில் பாதிப்பேர் அவர் பக்கம். நீ உள்ளே திரும்பிப் பார்த்தாய். அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து, எதையும் கேட்காமல், கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தார். முடியாது என்றாய். அந்த மறுப்பை எழுதியவள் நான். என் கையும் அதில் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து நம் ஊர்ச் சந்திரமதிக்குப் பிரசவ வலி கண்டது. தலைப்பிள்ளை. பட்டப்பகலில், பதினொரு மணிக்குத் துறைக்குக் கொண்டுபோனோம். அக்கரையில் ஆமி வாகனங்கள் போகின்றன என்று பாதையை நிறுத்திவைத்திருந்தார்கள். நீயும் நானும் சேலையைப் பிடித்து நிழல் கட்டினோம். மூன்று மணிக்குப் பாதை வந்தபோது அதில் ஏற்ற எங்களிடம் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அடுத்த நாள் சந்திரமதியின் தாய் உன் வீட்டுக்கு வந்தாள். வாசற்படியில் ஏறவில்லை.

"நீ ஓமெண்டிருந்தா என்ட புள்ள இரிந்திருப்பாள்," என்றாள்.

அவள் போவதற்குத் திரும்பினாள். இரண்டடி வைத்துவிட்டு நின்றாள்.

"இனி விட்டியெண்டா உன்ன நான் விடமாட்டன்."

அந்தச் சொல் உன்னை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதன்பிறகு நீ சிரித்து நான் பார்க்கவில்லை, பல மாதம்.

கடைசியில் கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பாதிக்கப்பட்ட ஆசுபத்திரிகளுக்கு வெளிநாட்டு உதவி கொடுப்பதற்கு முன் நிலைமை பார்க்கிறார்களாம். கச்சேரி மண்டபத்தில் கூட்டம். அவன் மேசையில் இருந்தபடி, இயக்கம் கொண்டுபோன பொருட்களின் பட்டியலை வாசித்தான். எங்கள் மிசினும் அதில் இருந்தது. அந்தப் பொய்யை வைத்து இன்னொரு மிசினும் வாங்கப் பார்த்தான். நீ எழுந்தாய். எல்லாவற்றையும் சொன்னாய். அவன் மேசைக்காரரிடம் குனிந்து, இவள் காவலாளியின் பெண்சாதி, அப்படித்தான் சொல்வாள் என்றான்.

அப்போது பின்வரிசையில் நூர்தீன் காக்கா எழுந்தார். அவர் வருவார் என்று நான் நம்பியிருக்கவில்லை. அவருடைய பட்டறை பட்டணத்தில்தான், டொக்டரைப் பகைத்தால் பிழைப்புப் போகும். தமிழருக்காக ஏன் போகிறாய் என்று அவருடைய ஆட்களும் கேட்டிருந்தார்கள்.

"அந்தக் கைபிடி நான் ஒட்டினது. போன மாசமும் இவர்ர இடத்திலதான் அதத் திருத்தின. நான் பொய் சொல்றனெண்டா வாங்க, போய்ப் பாப்பம்."

போய்ப் பார்த்தார்கள். பிள்ளைப்பேற்று மனையின் பின்னால் தகரக் கொட்டிலுக்குள் மிசின் ஓடிக்கொண்டிருந்தது. பெடல் கைபிடி சுவரில் ஆணியில் தொங்கியது. கொழும்பு ஆளொருவர் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். அந்த நேரத்து அவன் முகத்தை நான் இன்னும் ஆசையோடு நினைத்துக்கொள்வேன்.

மிசினைத் திருப்பி அனுப்புவதென்று முடிவாயிற்று. வேறென்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவனே கொண்டுவந்து இறக்கி, அண்ணனுக்கு முன்னால் உண்மை சொல்ல வேண்டும் என்றாய்.

அந்தக் காலை துறையில் ஊர் முழுக்க நின்றது. பாதை மெல்ல வந்து சேர்ந்தது. மிசினுக்குப் பக்கத்தில் அவன், அதே வெள்ளைக் காற்சட்டையோடு. பழக்க தோசத்தில் யாரோ மாலை கொண்டுவந்திருந்தார்கள். அதை நீ வாங்கி, மிசினோடு வந்த நூர்தீன் காக்காவின் கழுத்தில் போட்டாய். பிறகு அண்ணனைக் கையில் பிடித்து அவனுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாய்.

அவன் உன்னைப் பார்த்து, தவறுதலாக ஓர் அறிக்கை போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னான்.

"எனக்கில்ல டொக்டர், அவருக்குச் சொல்லுங்க. அவருக்குக் காது கேக்கா. சத்தமாச் சொல்லோணும்."

அவன் கொஞ்சம் குரலை உயர்த்தினான்.

"கேக்கல்ல," என்றாய்.

மறுபடியும் சொன்னான். அண்ணனின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இன்னும் கேக்கல்ல."

அவன் வேர்த்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்: "மிசின நான்தான் கொண்டுபோனன். இயக்கம் எடுக்கல்ல. இவர் குடுக்கல்ல."

தண்ணீரின் மேல் அந்தக் குரல் அக்கரைவரை போயிருக்கும். ஆமிக்காரருக்கும் கேட்டிருக்கும். அண்ணன் தலையை ஆட்டினார்.

"நாப்பத்தொரு நாளும் நானும் இதத்தான் சொன்னன்," என்றார்.

அவன் கைகளைக் கூப்பினான். நீ அந்தக் கைகளைப் பார்க்கவேயில்லை.

"மன்னிக்க எண்டு ஒங்களக் கூப்பிடல்ல. சொல்லத்தான் கூப்பிட்ட. இனிப் போகலாம்."

போவதும் அவனுக்கு அவ்வளவு லேசாக இருக்கவில்லை. சந்திரமதியின் தாய் பாதைக்கு ஏறும் பலகையில் போய் நின்றுகொண்டாள். ஏசவில்லை, கையை ஓங்கவில்லை, விலகவுமில்லை. யாரும் அவளை விலக்கவில்லை. கடைசியில் அவன் வெள்ளைக் காற்சட்டையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, சேற்றில் ஒரு சப்பாத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டில் தொற்றி ஏறினான்.

பழிவாங்குவதில் நிம்மதி இல்லை என்று சொல்கிறார்கள். எனக்கு அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. தண்ணீருக்குள் தடுமாறிய அந்தக் காலைப் பார்த்தபோது வாயெல்லாம் இனித்தது. மூன்றாம் வாரம் பிரசவ அறை திறந்தது. மருத்துவிச்சி திரும்பி வந்தாள். முதலில் பிறந்தது ஒரு பெட்டைப்பிள்ளை. இன்று அவள் அதே ஆசுபத்திரிக்கு இரண்டாவது பிள்ளைக்கு நாள் பார்த்துப் போய்வருகிறாள்.

அவனுக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். சில வருடத்தில் இதைவிடப் பெரிய பதவிக் கதிரையில் இருந்தான். அந்தச் செய்தியை நான் உனக்குச் சொன்ன அன்று நீ வயல் வட்டையில் நின்றாய், அறுவடைக் காலம். நெற்றியைத் துடைத்துவிட்டு, கத்தின சத்தம் அவன் காதிலேயே இருக்கும், எந்தக் கதிரையில் இருந்தாலும் கேட்கும் என்றாய்.

ஆனால் உன் காதில் இருந்தது வேறு. ஒவ்வொரு போகத்திலும் முதல் நெல்லைச் சந்திரமதியின் தாய்க்குத்தான் கொண்டுபோனாய். அவளும் வாங்கிக்கொள்வாள். திரும்பி வரும்போது கந்தோர்ப் படியில் உட்கார்ந்து, "நான் ஓமெண்டிருந்தா?" என்று கேட்பாய். அவன் பொய்க்காரன், மிசினைத் தந்திருக்கவே மாட்டான் என்று சொல்வேன். அது எனக்கே நிச்சயமில்லை. உனக்கும் அது தெரியும். அதையும் அவன் கணக்கில்தான் நான் வைத்தேன். உன்னைத் தூங்கவிடாமல் செய்த அந்தக் கேள்விக்காகத்தான், எல்லாவற்றையும்விட, அவனை நான் வெறுத்தேன்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடம். அண்ணனும் போய்விட்டார். நீ புற்றுநோயோடு பாயில் கிடந்தாய். அந்த மாதம் தபால் பையில் உன் பெயருக்கு ஒரு பதிவுக் கடிதம் வந்தது. அனுப்பியவர் இடத்தில் அவனுடைய பெயர். நடுங்கும் கையெழுத்து, அவனும் கிழவனாகிவிட்டான் போல. கனமான கடிதம். இரண்டு மூன்று தாள் இருந்திருக்கும்.

நான் அதைத் திறக்கவில்லை. முப்பது வருடத்தில் ஒருவருடைய கடிதத்தையும் திறந்ததில்லை. ஆனால் உன்னிடமும் கொண்டுவரவில்லை. சிவப்பு மையில், பெறுநர் ஏற்க மறுத்தார் என்று எழுதி, முத்திரை குத்தி, அன்றைய பையிலேயே திருப்பி அனுப்பினேன். பின்னேரம் உன்னிடம் வந்து கஞ்சி பருக்கினேன். இன்றைக்குத் தபாலில் என்ன விசேசம் என்று வழக்கம்போலக் கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். பத்தொன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

அதற்குள் மன்னிப்பு இருந்ததா, சாட்டுப்போக்கு இருந்ததா, சந்திரமதியின் பெயராவது இருந்ததா, எனக்குத் தெரியாது. நீ அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாயா, அடுப்பில் போடச் சொல்லியிருப்பாயா, அதுவும் தெரியாது. அவன் வாயைக் கேட்டவள் நீ. அவனிடமிருந்து ஒரு வாய் வந்தபோது கதவைச் சாத்தியவள் நான். அவன் அந்தச் சிவப்பு மையைப் பார்த்து, நீதான் மறுத்தாய் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். அதில் எனக்கு இன்றும் ஒரு துளி வருத்தமில்லை.

உன்னிடம் கேட்காமல் செய்தேனே, அந்த ஒன்றைத்தான் சுமக்கிறேன் மச்சாள். அவன்மேல் உள்ள கோபம் எனக்கு ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை.